விமானப் பயணமும் பாதுகாப்புச் சோதனையும்: அலுவல் பயணிகள் என்னிடம் கேட்பவை

சென்னையில் இயந்திர உதிரிபாகங்கள் செய்யும் ஒரு நிறுவனத்தின் பயணப் பிரிவைக் கவனித்துக்கொள்கிறேன். டிக்கெட், விசா, ஹோட்டல், நடு இரவில் அழைத்தால் எடுக்க ஒரு தொலைபேசி எண், இவைதான் என் வேலை. 2001 செப்டம்பர் 11 அன்று எங்கள் பொறியாளர்கள் நால்வர் அமெரிக்காவில் இருந்தார்கள். நியூயார்க் கோபுரத்தில் முதல் விமானம் மோதியபோது இங்கே மாலை 6.16 மணி. வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நான் திரும்ப வந்து உட்கார்ந்தேன். விடியும் வரை அந்த நால்வரின் குடும்பத்தாரும் நானும் மாறி மாறித் தொலைபேசியைச் சுழற்றிக்கொண்டிருந்தோம். நால்வரும் நலமாகத் திரும்பினார்கள். ஆனால் அந்த இரவுக்குப் பிறகு என் மேசைக்கு வரும் கேள்விகளின் தன்மை மாறிவிட்டது. திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவற்றை, கேட்டவர்களின் சொற்களிலேயே, இங்கே தொகுத்திருக்கிறேன்.

"இத்தனை வருடம் பறந்த பிறகும் விமானத்தில் ஏறும்போது வயிற்றைக் கலக்குகிறது. எனக்கு மட்டும்தான் இப்படியா?"

இல்லை. பெரும்பாலோர் 'பயம்' என்ற சொல்லைப் பயன்படுத்துவதில்லை, அவ்வளவுதான். "வேறு தேதி இருக்கிறதா பாருங்கள்" என்பார்கள். "நேர் விமானமாகப் போடுங்கள், நடுவில் இறங்கி ஏற வேண்டாம்" என்பார்கள். சோதனை வரிசை நீளம் என்று எரிந்து விழுவார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கும் எனக்கு, அந்தக் கோபத்தில் பாதி பயம்தான் என்று தெரியும்.

அலுவல் பயணிகளை அந்தத் தாக்குதல் ஆழமாகத் தைத்ததற்குக் காரணம் உண்டு. கடத்தப்பட்ட நான்கு விமானங்களும் செவ்வாய்க்கிழமை காலையில் கிழக்குக் கரையிலிருந்து கலிபோர்னியாவுக்குக் கிளம்பியவை. கூட்டங்களுக்குப் போகிறவர்களும் வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்களும் ஏறும் தடங்கள் அவை. முதல் விமானத்தில் அகமாய் என்ற இணையத் தொழில்நுட்ப நிறுவனத்தை உருவாக்கிய இருவரில் ஒருவரான டேனியல் லெவின் இருந்தார். வயது 31. பென்சில்வேனியாவில் விழுந்த விமானத்தில் கடத்தல்காரர்களை எதிர்த்து எழுந்த டாட் பீமரும் டாம் பர்னெட்டும் அலுவல் நிமித்தம் பயணம் செய்தவர்கள். வாரந்தோறும் பறக்கும் ஒருவர் அந்தப் பெயர்ப் பட்டியலைப் படிக்கும்போது தன் பெயரை அதில் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியாது.

இன்னொன்றும் உண்டு. சுற்றுலா போகிறவர் மனம் ஒப்பவில்லை என்றால் பயணத்தைத் தள்ளிப்போடலாம். உங்களுக்கு நாளும் இடமும் வேறொருவர் குறிக்கிறார். போவதும் போகாமலிருப்பதும் கையில் இல்லாதபோது பயம் இரட்டிப்பாகிறது. இதைப் பற்றிப் பின்னால் மேலாளரைக் குறித்த கேள்வியில் விரிவாகச் சொல்கிறேன்.

"முன்பெல்லாம் அரை மணி நேரத்துக்கு முன்னால் போய் ஏறிவிடுவோம் என்கிறார் எங்கள் மூத்த மேலாளர். உண்மையா?"

அமெரிக்காவுக்குள் உண்மைதான். அங்கே உள்நாட்டு விமானங்களுக்குக் கடைசி நேரத்தில் ஓடிப்போய் ஏறியவர்கள் நிறையப் பேர். டிக்கெட் இல்லாத உறவினர்கூட ஏறும் வாயில் வரை வந்து கையசைக்கலாம். நான்கு அங்குலத்துக்குக் குறைவான கத்தியைக் கையில் கொண்டுபோக விதி இடம் கொடுத்தது. சோதனை செய்தவர்கள் விமான நிறுவனங்கள் அமர்த்திய தனியார் ஒப்பந்த ஊழியர்கள், குறைந்த சம்பளத்தில். 2001 நவம்பரில் சட்டம் இயற்றி அந்தப் பொறுப்பை டிஎஸ்ஏ என்ற புதிய அரசு அமைப்பிடம் கொடுத்தார்கள்.

இந்தியாவில் நிலைமை வேறு. நாம் அதற்கு முன்பே பட்டிருந்தோம். அதையும் கீழே சொல்கிறேன்.

"அப்படியானால் இப்போது எத்தனை மணிக்குப் போக வேண்டும்?"

வெளிநாடு என்றால் மூன்று மணி நேரம், உள்நாடு என்றால் இரண்டு. பொங்கல், தீபாவளி வாரங்களில் அதற்கு மேல் அரை மணி சேர்த்துக்கொள்ளுங்கள். நேரம் மிச்சமிருப்பவர் வரிசையில் அமைதியாக நிற்கிறார். நேரம் இல்லாதவருக்கு முன்னால் நிற்பவர், சோதிப்பவர் எல்லோரும் பகைவர்களாகத் தெரிகிறார்கள்.

"ஷூவைக் கழற்று, தண்ணீரைக் கொட்டு, லேப்டாப்பை வெளியே எடு. இந்த விதிகளையெல்லாம் எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்?"

ஒவ்வொரு விதிக்கும் ஒரு பிறந்த நாள் இருக்கிறது. அது தெரிந்தால் தட்டில் பொருள்களை வைக்கும்போது எரிச்சல் குறைகிறது என்று பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

ஷூவின் பிறந்த நாள் 2001 டிசம்பர் 22. பாரிஸிலிருந்து மயாமி போன விமானத்தில் ரிச்சர்ட் ரீட் என்பவன் ஷூவுக்குள் வெடிமருந்து வைத்து, தீக்குச்சியால் பற்றவைக்க முயன்றான். பணிப்பெண்களும் பயணிகளும் சேர்ந்து அவனை மடக்கிக் கட்டிப்போட்டார்கள். அமெரிக்காவில் ஷூவைக் கழற்றுவது 2006இல் எல்லோருக்கும் கட்டாயமானது. 2025 ஜூலையில்தான் அந்த விதியை எடுத்தார்கள். ஒரே ஒருவன் செய்த முயற்சிக்காகக் கோடிக்கணக்கானவர்கள் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் காலுறையோடு குளிர்ந்த தரையில் நின்றார்கள்.

தண்ணீரின் பிறந்த நாள் 2006 ஆகஸ்ட் 10. லண்டனிலிருந்து அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் செல்லும் விமானங்களைக் குளிர்பான பாட்டில்களில் திரவ வெடிமருந்து கொண்டுபோய்த் தகர்க்கும் சதியைப் பிரிட்டிஷ் போலீசார் அன்று முறியடித்தார்கள். அடுத்த சில நாட்கள் பிரிட்டனில் கைப்பையே கூடாது. பாஸ்போர்ட், பணப்பை, அவசர மருந்து, இவற்றை ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பையில் போட்டு ஏற வேண்டும். லேப்டாப்பைச் சரக்கறைப் பெட்டியில் வைத்து அனுப்ப நேர்ந்த எங்கள் பொறியாளர் ஒருவர், விமானத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை, பெட்டிக்குள் இருந்த வரைபடங்களை நினைத்து ஒன்பது மணி நேரம் தூங்கவில்லை. பிறகுதான் 100 மில்லி லிட்டர் விதி வந்தது. பையைத் திறக்காமலே உள்ளிருப்பதை முப்பரிமாணத்தில் காட்டும் புதிய ஸ்கேனர்கள் வந்த சில விமான நிலையங்களில் இந்த விதி இப்போது தளர்கிறது. உங்கள் பாதையில் உள்ள எல்லா நிலையங்களிலும் அவை இருக்கும் என்று நம்பிப் பெரிய பாட்டிலை வைக்காதீர்கள். நடுவில் மாறும் ஊரில் பிடுங்கிவிடுவார்கள்.

ஆடையை ஊடுருவிப் பார்க்கும் ஸ்கேனர் பரவியது 2009 கிறிஸ்துமஸ் அன்று டெட்ராய்ட் நோக்கி வந்த விமானத்தில் ஒருவன் உள்ளாடையில் வெடிமருந்தோடு ஏறிய பிறகு. லேப்டாப்புக்கு வந்த சோதனை இன்னும் பெரியது. 2016 பிப்ரவரியில் சோமாலியாவின் மொகடிஷுவிலிருந்து கிளம்பிய விமானத்தில் லேப்டாப்புக்குள் வைத்த குண்டு வெடித்து விமானத்தின் பக்கவாட்டில் ஓட்டை விழுந்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில், துபாய், அபுதாபி, தோஹா உள்ளிட்ட 10 விமான நிலையங்களிலிருந்து அமெரிக்கா செல்லும் விமானங்களில் கைப்பேசியைவிடப் பெரிய மின்னணுச் சாதனங்களைக் கையில் கொண்டுபோகத் தடை விதித்தார்கள். சென்னையிலிருந்து வளைகுடா வழியாக அமெரிக்கா போகிறவர்கள் எத்தனை பேர்! ஜூலையில் தடை நீங்கும் வரை எங்கள் ஆட்களை ஃபிராங்ஃபர்ட், லண்டன் வழியாகத் திருப்பிவிட்டேன். செலவு கூடியது. நிர்வாகம் ஒரு சொல் சொல்லவில்லை, அதை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

"பவர் பேங்க், மிளகாய்ப் பொடி, கொப்பரை? எதை எங்கே வைப்பது?"

பவர் பேங்க் கைப்பையில் மட்டும். பேட்டரி தீப்பிடித்தால் மேலே இருக்கும் ஊழியர்களால் அணைக்க முடியும், சரக்கறையில் முடியாது. மிளகாய்ப் பொடியும் ஊறுகாயும் சரக்கறைப் பெட்டியில். கொப்பரை வேண்டவே வேண்டாம். அதிலுள்ள எண்ணெய் எளிதில் தீப்பற்றும் என்பதால் தடுக்கிறார்கள். லைட்டரை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.

"வெளிநாட்டில் யார் வேண்டுமானாலும் விமான நிலையத்துக்குள் போகலாம். நம் ஊரில் மட்டும் வாசலிலேயே ஏன் துப்பாக்கியோடு நிற்கிறார்கள்?"

சென்னைக்காரர்கள் இதைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. 1984 ஆகஸ்ட் 2 இரவு மீனம்பாக்கத்தில் குண்டு வெடித்து 33 பேர் இறந்தார்கள். கொழும்பு விமானத்துக்குப் போகவேண்டிய பெட்டிகளில் இருந்த குண்டு, நிலையத்திலேயே வெடித்தது. அது நம் வீட்டு வாசலில் நடந்தது. இன்று அந்த ஊர் வழியாக வாரம் இருமுறை பறப்பவர்களில் பலருக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியவில்லை.

அடுத்த ஆண்டு ஜூன் 23 அன்று கனடாவிலிருந்து வந்த ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அயர்லாந்துக்கு அருகே கடலின் மேல் வெடித்துச் சிதறியது. 329 பேர் இறந்தார்கள். பெட்டி ஏறியது, பெட்டிக்காரன் ஏறவில்லை. அதன் பிறகுதான் பயணிகள் விமானம் நிற்கும் தளத்தில் வரிசையாக நின்று தம் பெட்டியைத் தொட்டுக் காட்டிவிட்டு ஏறும் வழக்கம் நம் நாட்டில் கடுமையாகப் பின்பற்றப்பட்டது. ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். விமானப் பாதுகாப்புக்கான மத்திய அமைப்பு 1987இல் தனித் துறையானதும் இதன் தொடர்ச்சியே. பிறகு 1999 டிசம்பர் 24 அன்று காட்மாண்டு–டில்லி விமானம் கடத்தப்பட்டுக் காந்தஹாருக்குப் போனது. அதையடுத்து 2000 பிப்ரவரியில் ஜெய்ப்பூரில் தொடங்கி ஒவ்வொரு விமான நிலையமாக மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையின் கைக்கு வந்தது. அமெரிக்கா 2001இல் விழித்துக்கொண்டதற்கு முன்பே நாம் பாதி வழி வந்திருந்தோம்.

வாசலிலேயே தடுப்பது சரியா என்றால், சரி என்பதே என் எண்ணம். 2016 மார்ச்சில் பிரஸ்ஸல்ஸ் நிலையத்தில் தாக்கியவர்கள் சோதனைக்கு முந்தைய பகுதியில், பெட்டி போடக் கூடியிருந்த கூட்டத்தைத்தான் குறிவைத்தார்கள். வாசலில் தடுத்தால் வாசலுக்கு வெளியே கூட்டம் சேரும் என்ற எதிர்வாதமும் நியாயமானதே. அதற்குத் தீர்வு வரிசையை விரைவாக நகர்த்துவதுதான்.

"ஏற்கெனவே சோதித்து அனுப்பிவிட்டு, ஏறும் வாயிலில் மறுபடியும் பையைத் திறக்கச் சொல்கிறார்கள். நம்மைச் சந்தேகப்படுகிறார்களா?"

உங்களை இல்லை. இதற்கு லேடர் பாயிண்ட் சோதனை என்று பெயர். முன்பு விமானத்தின் ஏணிப்படியருகே செய்ததால் அந்தப் பெயர். அச்சுறுத்தல் கூடும்போது இதையும் கூட்டுவார்கள். 2025 மே மாதம் பாகிஸ்தானுடன் மோதல் வெடித்தபோது நாட்டின் வடக்கிலும் மேற்கிலும் 32 விமான நிலையங்களை மூடினார்கள். மற்ற எல்லா நிலையங்களிலும் ஒவ்வொரு பயணிக்கும் இந்த இரண்டாம் சோதனை கட்டாயமானது. அந்த வாரம் என் தொலைபேசி ஓயவில்லை. கேட்டவர்களில் ஒருவர்கூடச் சோதனை ஏன் என்று கேட்கவில்லை, "போதுமா?" என்றுதான் கேட்டார்கள்.

"உண்மையைச் சொல்லுங்கள். இந்தச் சோதனையெல்லாம் கண்துடைப்புதானே?"

சில கண்துடைப்பே. 2015இல் அமெரிக்க அரசு அதிகாரிகளே மாறுவேடத்தில் போலிக் குண்டும் ஆயுதமும் எடுத்துக்கொண்டு தங்கள் விமான நிலையங்களைச் சோதித்தார்கள். 70 முயற்சிகளில் 67இல் யாரும் பிடிக்கவில்லை என்ற செய்தி வெளியாகி, டிஎஸ்ஏவின் தற்காலிகத் தலைவர் அந்தப் பொறுப்பிலிருந்து மாற்றப்பட்டார். இதை மறைத்துவிட்டு உங்களுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் செப்டம்பர் 11 போன்ற ஒன்று மறுபடி நடப்பதைத் தடுக்கும் பெரிய மாற்றம் நீங்கள் நிற்கும் வரிசையில் நடக்கவில்லை. விமானி அறையின் கதவில் நடந்தது. அதைத் தோட்டா துளைக்காதபடி வலுப்படுத்தி, உள்ளிருந்து பூட்டும்படி செய்தார்கள். இரண்டாவது மாற்றம் உங்களுக்குள்ளேயே நடந்தது. 2001க்கு முன் கடத்தல் என்றால் அமைதியாக உட்கார், பேச்சுவார்த்தை நடக்கும் என்பதே எல்லோருக்கும் சொல்லப்பட்ட பாடம். இன்று யாரும் அப்படி உட்காரமாட்டார்கள். ரீடையும், 2009 டெட்ராய்ட் ஆளையும் மடக்கியதில் பயணிகளின் கை இருந்தது.

அந்தக் கதவே எமனான நாளும் உண்டு. 2015 மார்ச் 24 அன்று ஜெர்மன்விங்ஸ் விமானத்தின் துணை விமானி, தலைமை விமானியை வெளியே விட்டுப் பூட்டிக்கொண்டு, ஆல்ப்ஸ் மலையில் விமானத்தை மோதினான். 150 பேர் மாண்டார்கள். ஒரு ஆபத்தை அடைக்கும்போது இன்னொன்றுக்கு வழி திறக்கலாம் என்பதை விமானத் துறையினர் மறக்கவில்லை. அதனால்தான் விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன.

"சென்னையிலிருந்து ஐதராபாத்துக்குக் காரிலேயே போய்விடுகிறேன். அது பாதுகாப்பானதில்லையா?"

தயவுசெய்து வேண்டாம். செப்டம்பர் 11க்குப் பிறகு அமெரிக்காவில் ஏராளமானவர்கள் இப்படித்தான் முடிவெடுத்தார்கள். கேர்ட் கிகரென்சர் என்ற ஜெர்மானிய உளவியலாளர் அடுத்த பன்னிரண்டு மாதச் சாலை விபத்துக் கணக்கை ஆராய்ந்து, விமானத்தைத் தவிர்த்துக் காரில் போனதால் மட்டும் ஏறத்தாழ 1,500 பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று மதிப்பிட்டார். நான்கு விமானங்களிலும் இருந்தவர்களைப் போல ஐந்து மடங்குக்கு மேல். அவர்களுக்கு நினைவுச் சின்னம் கிடையாது.

நம் சாலைகளில் 2022இல் மட்டும் 1,68,491 பேர் இறந்தார்கள். இரவெல்லாம் ஓட்டி, காலையில் கூட்டத்தில் உட்கார்ந்து, மறுபடி இரவில் திரும்பும் திட்டத்துக்கு நான் ஒருபோதும் கையெழுத்துப் போடமாட்டேன். விமானம் வேண்டாம் என்றால் ரயில் இருக்கிறது. கேளுங்கள், படுக்கை வாங்கித் தருகிறேன்.

"குண்டு மிரட்டல் என்று பாதியில் இறக்கிவிட்டால் என் கூட்டம் போய்விடுமே?"

போகும். 2024 அக்டோபரில் சில வாரங்களுக்குள் இந்திய விமானங்களுக்கு நூற்றுக்கணக்கான பொய் மிரட்டல்கள் வந்தன. டில்லியிலிருந்து சிகாகோ போன விமானம் கனடாவின் வட கோடியில் இக்காலுயிட் என்ற பனி ஊரில் இறங்கியது. அதே நாளில் மதுரையிலிருந்து சிங்கப்பூர் சென்ற விமானத்துக்கு இருபுறமும் சிங்கப்பூரின் போர் விமானங்கள் துணை வந்தன. ஜன்னல் வழியே அதைப் பார்த்தவரின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! எல்லாம் வெறும் மிரட்டல் என்று பிறகு தெரிந்தது.

முக்கியமான கையெழுத்து, ஏலம் போன்றவை என்றால் ஒரு நாள் முன்னதாகப் போய்ச் சேருங்கள். ஒரு வேளை மருந்தும் ஒரு மாற்றுச் சட்டையும் கைப்பையில் இருக்கட்டும். வரிசையில் நிற்கும்போது எரிச்சலில்கூட 'குண்டு' என்ற சொல்லை வாயில் எடுக்காதீர்கள். "என் பையில் என்ன, குண்டா இருக்கிறது?" என்று கேட்ட ஒருவர் விமானத்தைத் தவறவிட்டு, மாலை வரை காவல் நிலையத்தில் இருந்தார். அவருக்கு வழக்கறிஞரை அனுப்பியது நான்தான்.

"என் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர்தான். இனிஷியலை விரித்து எழுதலாமா? போகிற இடமெல்லாம் நிறுத்துகிறார்கள்."

தமிழர்களுக்கென்றே அமைந்த தொல்லை இது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பாவின் பெயரில் முதல் எழுத்து, பிறகு நம் பெயர், அவ்வளவே. 2001க்குப் பிறகு பயணிகளின் பெயரையும் பிறந்த தேதியையும் கண்காணிப்புப் பட்டியலோடு ஒப்பிடும் முறை வந்தது. கணினிக்குக் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாக இருக்கக் கூடாது. அமெரிக்க விசாவில் ஒற்றைப் பெயரைக் குடும்பப் பெயராக்கி, முன்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'முன்பெயர் தெரியாது' என்பதன் சுருக்கமாக எஃப்என்யூ என்று போடுகிறார்கள். பெற்றவர்கள் ஆசையாய் வைத்த பெயர் அங்கே இப்படி ஆகிறது.

செய்ய வேண்டியது இதுதான். பாஸ்போர்ட், விசா, டிக்கெட் மூன்றிலும் எழுத்துக்கு எழுத்து ஒரே பெயர் இருக்க வேண்டும். டிக்கெட்டில் மட்டும் நீங்களாக விரித்து எழுத வேண்டாம். அடுத்த முறை பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போது அப்பாவின் முழுப் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் சேர்த்துவிடுங்கள். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருவோரை ஏற்பதில்லை என்று அறிவித்தபோது, தள்ளிப்போட்டவர்கள் எல்லோரும் ஒரே வாரத்தில் என்னிடம் ஓடிவந்தார்கள்.

"என் பெயரையும் தாடியையும் பார்த்தே தனியாக அழைக்கிறார்கள். வெறும் தற்செயல் என்கிறார்கள். நம்பச் சொல்கிறீர்களா?"

நம்பச் சொல்லமாட்டேன். அமெரிக்கா போகும் போர்டிங் பாஸில் நான்கு 'எஸ்' எழுத்துகள் அச்சாகியிருந்தால் கூடுதல் சோதனை என்று பொருள். கணினி சில சமயம் கண்ணை மூடிக்கொண்டும் எடுக்கிறது, அவசரமாக வாங்கிய ஒருவழி டிக்கெட் போன்றவற்றாலும் எடுக்கலாம். ஆனால் எங்கள் நிறுவனத்தில் மாதம் தவறாமல் அமெரிக்கா போகும் இருவரில் ஒருவரை ஆண்டுக்கொரு முறையும், இஸ்லாமியப் பெயர் கொண்ட மற்றவரை ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் நிறுத்தியதை நான் குறிப்பேட்டில் எழுதிவைத்திருக்கிறேன். அவர் ஒரு நாளும் என்னிடம் குரல் உயர்த்தியதில்லை. "இரண்டு மணி நேரம் கூடுதலாக வைத்துப் போடுங்கள்" என்பார், அவ்வளவுதான். அந்த அமைதி என்னை உறுத்துகிறது.

நாட்டின் முன்னாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாமையே 2009இல் டில்லியில் ஓர் அமெரிக்க விமான நிறுவனத்தார் வரிசையில் நிறுத்தித் தடவிச் சோதித்தார்கள். 2011இல் நியூயார்க்கில், விமானத்தில் ஏறி அமர்ந்த பிறகு அவருடைய கோட்டையும் ஷூவையும் வாங்கிச் சோதித்தார்கள். இரண்டு முறையும் பிறகு வருத்தம் தெரிவித்தார்கள். மனிதர் இரண்டு முறையும் மறுப்பின்றி ஒத்துழைத்தார். உங்களுக்கு வருத்தம் தெரிவிக்க யாரும் வரமாட்டார்கள். ஆகவே அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையிடம் முறையீடு பதிந்து ஒரு எண் பெறும் வழி இருக்கிறது. அந்த எண்ணை டிக்கெட்டில் சேர்த்தால், பெயர்க் குழப்பத்தால் வரும் தொல்லையாவது குறையும். படிவத்தை நிரப்பித் தருகிறேன், வாருங்கள்.

"அடிக்கடி பறப்பவர்களுக்குத் தனி வரிசை இருக்கிறதாமே?"

இந்தியர்கள் 2017 முதல் அமெரிக்காவின் குளோபல் என்ட்ரி திட்டத்தில் சேரலாம். நேர்காணலும் பின்னணி விசாரணையும் உண்டு. கிடைத்தால் குடியேற்ற வரிசையும் சுருங்கும், அங்கே உள்நாட்டுச் சோதனையும் எளிதாகும். ஆண்டுக்கு மூன்று முறைக்கு மேல் போகிறவர்களுக்கு நிறுவனமே பணம் கட்ட வேண்டும் என்று வாதாடி வாங்கியிருக்கிறேன். நம் நாட்டில் 2022 டிசம்பரில் தொடங்கிய டிஜி யாத்ரா, முகத்தைப் பார்த்து வாசலில் அனுமதிக்கிறது. முகத்தைக் கணினிக்குக் கொடுக்க மனமில்லை என்றால் சேர வேண்டியதில்லை, பழைய வரிசை இருக்கிறது.

"தனியாகப் பயணம் செய்யும் பெண் நான். தடவிச் சோதிக்கும்போது உடம்பு கூசுகிறது. மறுக்கலாமா?"

சோதனையை மறுத்தால் ஏற முடியாது. ஆனால் எப்படி நடக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை உண்டு. இந்தியாவில் பெண்களைப் பெண் காவலர் மட்டுமே, திரையிட்ட இடத்தில் சோதிக்க வேண்டும். வெளிநாட்டிலும் பெண் அதிகாரியையும் தனி அறையையும் கேட்கலாம், உடன் ஒரு சாட்சியையும் கேட்கலாம். அறுவைச் சிகிச்சை, கர்ப்பம், உடலில் பொருத்திய கருவி எதுவானாலும் கை வைப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். வரம்பு மீறினால் நேரத்தையும் வாயில் எண்ணையும் குறித்துக்கொண்டு எனக்குச் செய்தி அனுப்புங்கள். நிறுவனத்தின் பெயரில் புகார் எழுதுவது என் பொறுப்பு.

"லேப்டாப்பைத் திறந்து காட்டச் சொன்னால்? வாடிக்கையாளரின் வரைபடங்கள் இருக்கின்றனவே."

இரண்டு வேறு அதிகாரிகளைக் குழப்பிக்கொள்கிறோம். ஏறும் முன் சோதிப்பவருக்கு உங்கள் கோப்புகளில் அக்கறை இல்லை. கருவி கருவிதானா என்று பார்க்க இயக்கிக் காட்டச் சொல்லலாம், அதனால் லேப்டாப்பை முன்பே சார்ஜ் செய்து வைத்திருங்கள். இறங்கிய பின் எல்லையில் இருக்கும் அதிகாரி வேறு. அமெரிக்க எல்லையில் கருவிக்குள் உள்ளதைப் பார்க்கக் கேட்கும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. வெளிநாட்டவர் மறுத்தால் திருப்பி அனுப்பலாம். வாக்குவாதம் செய்து பயனில்லை. வரைபடங்களே இல்லாத பயண லேப்டாப்பைக் கொண்டுபோய், அங்கே போன பிறகு நிறுவனச் சர்வரிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

"பயமாக இருக்கிறது, போகமாட்டேன் என்று மேலாளரிடம் எப்படிச் சொல்வது? பதவி உயர்வு போய்விடாதா?"

என்னிடம் கதவைச் சாத்திவிட்டுக் கேட்கப்படும் கேள்வி இது. 2001 நவம்பரில் ஒருவர் கேட்டார். ஐந்து வயது மகளின் தந்தை. மறுநாள் சிகாகோ டிக்கெட். நான் அன்று, "ஒன்றும் ஆகாது, தைரியமாகப் போய் வாருங்கள்" என்றேன். போய் வந்தார், வேலை முடிந்தது. திரும்பி வந்த மூன்றாம் மாதம் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார். போகும்போது, "நீங்கள் நான் சொன்னதைக் கேட்கவே இல்லை" என்றார். அதற்குப் பிறகு "ஒன்றும் ஆகாது" என்ற சொல்லை நான் யாரிடமும் சொன்னதில்லை.

மேலாளரிடம் பயத்தைப் பொதுவாகச் சொன்னால் அவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. குறிப்பாகக் கேளுங்கள். இந்த மாதம் வேறொருவர் போகலாமா, அடுத்ததில் நான் போகிறேன். பகல் விமானமாக இருக்கலாமா. இரண்டு பேராகப் போகலாமா. முதல் சுற்றுப் பேச்சைக் காணொளியில் முடித்து, கையெழுத்துக்கு மட்டும் போகலாமா. பெருந்தொற்றுக் காலத்துக்குப் பிறகு கடைசிக் கேள்விக்கு 'முடியாது' என்ற பதில் அரிதாகவே வருகிறது. ஏறினால் மூச்சு முட்டுகிறது, பல நாள் தூக்கமில்லை என்ற நிலை என்றால் மருத்துவரிடம் போங்கள். அது குணமாகக் கூடியது.

மேலாளர்களும் இந்தப் பக்கத்தைப் படிப்பார்கள் என்று நம்புகிறேன். அவர்களுக்கு ஒன்று. ஒருவர் தயங்கியதற்காக அவருடைய ஆண்டு மதிப்பீட்டில் கைவைக்காதீர்கள். அந்த இருக்கையில் உட்காரப் போவது நீங்கள் இல்லை.

"என்னைவிட வீட்டில்தான் பயப்படுகிறார்கள். அம்மா செய்தியைப் பார்த்துவிட்டு அழுகிறார். என்ன சொல்வது?"

மேலே சொன்னதைத்தான், ஒன்றும் ஆகாது என்று சொல்லாதீர்கள். அம்மாவுக்கு வாக்குறுதி வேண்டாம், தகவல் வேண்டும். விமான எண், கிளம்பும் நேரமும் இறங்கும் நேரமும் இந்திய மணிக்கணக்கில், ஹோட்டல் பெயர், என் தொலைபேசி எண், இந்த நான்கையும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிட்டுக் கிளம்புங்கள். சோதனை முடிந்து உள்ளே போனதும் ஓர் அழைப்பு, இறங்கியதும் ஓர் அழைப்பு. தாமதமானால் நீங்கள் சொல்வதற்கு முன் அம்மாவே என்னை அழைக்கலாம். நள்ளிரவானாலும் எடுப்பேன். 2001இல் அந்த நால்வரின் வீடுகளில் இரண்டில் விமான எண்கூடத் தெரிந்திருக்கவில்லை.